பஞ்சு கடித்த ஒரு மணி நேரம்

என் கல்யாண வாழ்க்கையின் பத்தொன்பதாவது வருஷத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. கொடுத்தவர் பல் டாக்டர்.

என் மனைவி பிரின்ஸியின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்துச் சொன்னார்: "ஒரு மணி நேரம் இதை நல்லா அழுத்திக் கடிச்சுக்கங்க டீச்சர். அதுவரைக்கும் பேசக்கூடாது. இன்னைக்குப் பூரா துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா போட்டு உறியக்கூடாது. சூடா எதுவும் வேண்டாம். நாளையிலருந்து வெதுவெதுப்பா உப்புத்தண்ணி."

'பேசக்கூடாது' என்பதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. அவளுக்கு வாய்ப்பூட்டு என்றால் எனக்கு அது வாய்ப்பு. குதிரை விஷயத்தை இன்றைக்கே முடித்துவிடுவது என்று அங்கேயே தீர்மானம் போட்டேன்.

குதிரை என் சிநேகிதன் பென்சனுடையது. பென்சன் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, உத்தியோகம் என்று எதற்கும் போகாமல் நேராக ஓய்வுக்கே வந்துவிட்டவன். கொடைக்கானல் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றும் தன் லில்லியை விற்கப் போவதாகப் போன வாரம் சொன்னான். நானோ பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். லில்லி மேல் உட்கார்ந்து நாயுடுபுரத்து வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஆனால் வீட்டில் நான் 'கு' என்று ஆரம்பித்தால் பிரின்ஸி 'கூ' என்பாள். 'கூடாது' என்பதில் மீதியைக் கேட்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கம்பளி போர்த்தி உட்கார வைத்தேன். அன்பு பொங்க, ஆவி பறக்க ஒரு காபி கொடுத்தேன். அவள் காபியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, சூடு கூடாதுல்ல? நானே குடிச்சிர்றேன்."

குடித்தேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"பிரின்ஸி, பென்சனோட குதிரைய நாம வாங்கிக்கிறோம். வேண்டாம்னா இப்பவே சொல்லிரு."

சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

"ஒரு தரம்!" என்றேன்.

அது வாய்ப்பழக்கம். எங்கள் சர்ச்சில், காணிக்கையாக வரும் விளைச்சலை விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பதினோரு வருஷமாக நான்தான் விடுகிறேன். பூண்டியிலிருந்து வரும் பூண்டு முதல் கொக்கரிக்கும் கோழி வரை என் தொண்டையில்தான் விலை ஏறும். எனக்கு ஒரே ஒரு பலவீனம். கூட்டம் சும்மா இருந்தால் தாங்காது. பூசணிக்காயைக் கேட்க ஆளில்லை என்றால் உடனே அதோடு ஒரு கட்டு கேரட்டைச் சேர்த்து வைத்துவிடுவேன்.

பிரின்ஸி சும்மா இருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாள்.

"சாணி அள்றதெல்லாம் நான்தான்."

பார்த்தாள்.

"உனக்குப் பல்லு புடுங்குன புண்ணு ஆறுற வரைக்கும் கஞ்சி நான் வைக்கிறேன். நல்லாக் குழைய வச்சு, ஆத்தித் தாரேன்."

பார்த்தாள்.

"சரி, ஆறுன பொறவும் நானே சமைக்கிறேன்! வெள்ளனே எந்திரிச்சு காபியும் நானே போடுறேன். ரெண்டு தரம்!"

"ம்."

"சரிங்கிறியா?"

"ம்ஹும்."

அந்த 'ஹு'வில் எனக்கு வேர்த்துவிட்டது. கொடைக்கானலில், டிசம்பர் மாதத்தில்.

"ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிற சோலியும் என்னோடது!"

ஒரு புருவம் ஏறியது. ஏலக்காரனுக்குத் தெரியாதா? ஆள் மசிகிறாள். இன்னும் ஒரு கேரட் கட்டு போதும்.

"மே மாசம் உங்க அண்ணன் குடும்பம் பழனி வெயில் தாங்காம மேல வருமே? வரட்டும். சீசன் பூரா இருக்கட்டும். ஏழு பேருக்கும் நம்ம ரூமையே ஒழிச்சுத் தாரேன். நான் ஹால்ல படுத்துக்கிறேன். உங்க அண்ணன் பாடினாக்கூடக் கேட்டுக்கிறேன்!"

அவள் கட்டைவிரல் மெல்ல உயர்ந்தது.

"மூணு தரம்!" என்று கத்தினேன். ஹாலில் ஒரு சுற்றுக் குதித்தும் வந்தேன். பிரின்ஸி கம்பளிக்குள்ளிருந்து ஒரு நோட்டை நீட்டினாள். நான் சொன்னது அத்தனையும் டீச்சர் கையெழுத்தில், குண்டு குண்டாக, நம்பர் போட்டு இருந்தது. எப்போது எழுதினாளோ! கீழே கோடு போட்டு என் பெயர். சந்தோஷத்தில் இரண்டு கையெழுத்தாகவே போட்டேன்.

மணி ஆனது. அவள் கண்ணாடி முன்னால் போய்ப் பஞ்சை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. நான் ஸ்வெட்டரை மாட்டி, வாசல்வரை போய்விட்டேன்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?" அரை வாயால் மெதுவாகக் கேட்டாள்.

"லில்லியக் கூட்டியாறேன். வெரசா வந்துருவேன்."

"பென்சன் அண்ணன் அதை நேத்தே ஆடலூர்க்காரருக்கு வித்துட்டாருங்க. நீங்க ஆரம்பிச்சப்பவே சொல்லலாம்னு பார்த்தேன், டாக்டர்தான் பேசக்கூடாதுன்னுட்டாரே."