பூசைக்கு வைத்த துப்பாக்கி

துப்பாக்கிக்குச் சளி பிடித்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளே. தாமிரபரணி ஓடுகிற ஊர்கள் அத்தனையிலும் தேடினாலும் அப்படி ஒருவர்தான் கிடைப்பார். பாளையங்கோட்டையில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கையைக்காட்டு அண்ணாச்சி’ என்றால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார்.

வருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் வணக்கம் கிடையாது. “கையைக் காட்டும்” என்பார். விரலைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், சந்தேகம் தீரவில்லை என்றால் மோந்தும் பார்ப்பார். வடை தின்ற கைக்குத் துப்பாக்கி கிடையாது. கிளப் செயலாளரே ஒருநாள் மாட்டிக்கொண்டார்.

“நான் ஸ்பூன்லதானவே சாப்பிட்டேன்.”

“ஸ்பூனை எதைக் கொண்டு பிடிச்சீரு? போயி கழுவிட்டு வாரும்.”

ஒரு உறுப்பினர் அவசரத்தில் பெட்ரோல் ஊற்றித் துப்பாக்கியைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணாச்சி அவருக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுத்ததே இல்லை. அந்த மனிதர் இப்போது கேரம் ஆடுகிறார்.

நான் சீவலப்பேரியில் வாழை இலை அறுத்துச் சந்தைக்கு ஏற்றுகிறவன். என் மகள் பேச்சி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து கிளப்புக்குக் கூட்டிப் போனபோது அவளுக்குக் குறி நன்றாக விழுந்தது. சொந்தமாக வாங்கிக் கொடுக்க எனக்கு வசதி இல்லை. கிளப்பின் காற்றுத் துப்பாக்கியில்தான் பழகினாள். கையில் பிடிக்கிற சின்னத் துப்பாக்கி. குழல் இரும்பு, உடம்பு அலுமினியம், மேலே நல்ல கறுப்பு.

அந்தக் கறுப்பைப் பற்றி அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் கடைசி பஸ் போய்விடும்.

“இது பெயிண்டு இல்லட்டி. அலுமினியத்தைத் திராவகத்துல போட்டு, கரண்டு விட்டு வளத்த தோலு. போச்சுன்னா போச்சு. மெத்துன்னு இருக்க துணியால பைய துடைக்கணும். உம் மூஞ்சியைக் கம்பி நாரு போட்டா தேய்க்கே?”

“எண்ணெய் போடலாமா?”

“இரும்புக்குப் போடு. இதுக்கு ஒரு பொட்டு போதும். அப்பளமா பொரிக்கப் போறோம்?”

மாவட்டத் தேர்வுப் போட்டி சரஸ்வதி பூசை விடுமுறை முடிந்ததும் வந்தது. வீட்டில் குண்டு போடாமல் கையை நீட்டிப் பிடித்துப் பழகட்டும் என்று அண்ணாச்சி துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார். பிறந்த குழந்தையை அனுப்புகிற மாதிரி பஸ் வரைக்கும் கூடவே வந்தார். “பெட்டியை மடியில வச்சுக்கோ. மீன்கூடை பக்கம் உக்காராதே” என்று சொல்லி, டிரைவரிடமும் பைய ஓட்டச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பூசையன்று தொழில் சாமான் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைப்பது வழக்கம். நான் சந்தையில் இருந்தேன். பேச்சி ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, பளபளவென்று உட்கார்ந்திருந்தது துப்பாக்கி.

என் வீட்டுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. “விளக்கு தேய்ச்ச புளியும் சாம்பலும் மிச்சம் இருந்துச்சு. கம்பி நாரு போட்டுத் தேய்ச்சேன். எவ்வளவு கறுப்பா அழுக்கு அப்பியிருக்கு. பாதிதான் போச்சு” என்றாள்.

பேச்சி அழவில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “இனி எனக்குத் துப்பாக்கி தர மாட்டாருப்பா” என்றாள். போட்டிக்கு முன்னால் இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினோம். “நான்தான தேய்ச்சேன், நானே சொல்லுதேன்” என்று வீட்டுக்காரியும் வந்தாள்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார். துப்பாக்கி முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. செயலாளர் எட்டிப் பார்த்து, “தலைக்குப் பூசுற டையை அடிச்சா தெரியாது வே” என்றார்.

“உம்ம தலையிலேயே அது ஒரு வாரம் நிக்கல. சும்மா இரும்.”

பிறகு என் வீட்டுக்காரியிடம் திரும்பினார்.

“தண்ணியில முக்குனியளா?”

“இல்லை அண்ணாச்சி. ஈரத்துணிதான்.”

“குழலுக்குள்ள எதுவும் போச்சா?”

“அங்கன பூ சொருகியிருந்தேன்.”

அண்ணாச்சி விளக்கைப் போட்டு, இடுக்கியால் குழலுக்குள்ளிருந்து ஒரு செவந்தி இதழை எடுத்தார். திருகாணிக் குழியில் இருந்த சந்தனத்தைக் குச்சியால் நெம்பினார். குழலைத் துடைத்து எண்ணெய் போட்டார்.

“முழுக்க இரும்பா இருந்தா இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும். அலுமினியம் தாங்கிக்கிடும். அழகுதான் போச்சு” என்றார்.

“அப்ப பிள்ளை சுடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

அவர் குழல் துடைத்த துணியை மடித்து வைத்தார். “அவசரத்துல தேய்க்கலியே தாயி, சாமிக்குன்னுல்லா தேய்ச்சிருக்கிய. இத்தனை வருசமா நான் துடைக்கேன். ஒரு நாளாவது இதுக்கு ஒரு பொட்டு வைக்கணும்னு எனக்குத் தோணலியே” என்றார். பிறகு பேச்சியைப் பார்த்து, “ஏட்டி, நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரு” என்றார்.

போட்டியில் ஒரு அதிகாரி, “என்னய்யா, துப்பாக்கிக்குத் தேமலா?” என்று சிரித்தார். “குண்டு தேமல் வழியா வரலை. நீரு குறி அட்டையைப் பாரும்” என்றார் அண்ணாச்சி. பேச்சி சுட்ட அட்டையைப் பார்த்த பிறகு அந்த அதிகாரி சிரிக்கவில்லை. நடு வட்டம் கிழிந்து போயிருந்தது. பேச்சி மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள்.

துப்பாக்கியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி மறுபடி கறுப்பு ஏற்றிவிடலாம் என்று செயலாளர் அடிக்கடி சொல்கிறார். அண்ணாச்சி விடுவதில்லை. “பிள்ளை மாநிலத்துக்குப் போயிட்டு வரட்டும். பழகின மூஞ்சியை இப்ப மாத்துனா அதுக்குக் கை தயங்கும்” என்கிறார். தினமும் காலையில் அந்த வெள்ளைத் திட்டுகளைத்தான் முதலில் துடைக்கிறார்.

அண்ணாச்சிக்குப் பிள்ளைகள் கிடையாது என்று கிளப்பில் சொல்கிறார்கள். எனக்கு அது சரியான தகவலாகப் படவில்லை.