எரியாத பல்பை அளந்தவள்

கையில் புதிதாக ஓர் அளவுக்கருவி கிடைத்தவரைத் திருவிழா நாளில் வீட்டுக்குள் வைத்திருப்பது பேராபத்து. அவர் எதையாவது அளப்பார். அளந்ததோடு நிற்கவும் மாட்டார். எழுபதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வாய்த்த அந்த ஆபத்து நானேதான்.

பிறந்த ஊர் ராஜபாளையம். இயற்பியல் பட்டம் பெற்றிருந்தேன். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) நூற்பாலையில் மின்பிரிவில் இருந்த என் அண்ணன், திருமணப் பரிசாக ஒரு மல்டிமீட்டர் தந்திருந்தான். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் முள்ளசைத்துச் சொல்லும் பெட்டி. என் பட்டுப்புடவைகளைப் பார்க்க வந்த பெண்களுக்கும் நான் முதலில் எடுத்துக் காட்டியது அதைத்தான்.

என் மாமனாருக்கு ஒரு நேர்ச்சை உண்டு. என் கணவர் சிறுவயதில் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் நாச்சியார் பல்லக்கு எங்கள் தெருவைக் கடக்கும் ஆடித் திருவிழா மாலையில் தெரு முழுவதும் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டாராம். பிள்ளை பிழைத்தார். அன்று முதல் ஓராண்டும் விளக்குத் தவறவில்லை.

நான் மருமகளாய் வந்த முதல் ஆடி. வாசலிலிருந்து தெருமுனை வரை இருபது நூறு வாட் பல்புகளைக் கட்டி முடித்த மாமனார், "தாயி, நீ கரண்டு படிச்சவ. ஒரு பார்வை பாரு" என்றார். மரியாதைக்குத்தான் கேட்டார். நானும் மரியாதைக்கு, "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லியிருக்கலாம். மீட்டரை எடுத்து வந்தேன்.

பெட்டியில் மிச்சமிருந்த ஒரு பல்பின் தடையை அளந்தேன். நாற்பது ஓம். வீட்டுக்கு வந்த மின்னழுத்தம் இருநூற்றிருபது வோல்ட். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் ஐந்தரை ஆம்பியர். அதை மீண்டும் அழுத்தத்தால் பெருக்கினால் திறன் ஆயிரத்து இருநூற்றுப் பத்து வாட். இருபது பல்புகளுக்கும் சேர்த்தால் நூற்றுப் பத்து ஆம்பியர். அந்த ஒல்லி வயர் திரிபோல் பற்றி எரிவதும், பல்லக்கின் பட்டுக்குடை மீது நெருப்பு விழுவதும் என் கண்முன் ஓடின.

"மாமா, இது நூறு வாட்டே இல்லை. ஆயிரத்து இருநூறு. கம்பெனிக்காரன் பொய்யா அச்சடிச்சிருக்கான்."

"இத்தனை வருசமா எரியுதே, தாயி?"

"அம்புட்டு வருசமும் நாச்சியார்தான் தீப்பிடிக்காமக் காப்பாத்தியிருக்காவ. இன்னமும் அவியளச் சோதிக்கக் கூடாது மாமா."

பக்தியுள்ள மனிதர். கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானே மின்பலகையிலிருந்து இணைப்பைக் கழற்றி, முனைகளைச் சுருட்டி, எவரும் அவிழ்க்க முடியாதபடி முடிச்சிட்டேன்.

அந்தி சாய்ந்தது. தொலைவில் நாகஸ்வரம் கேட்டது. மாமனார் வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகனுக்காகக் கொடுத்த வாக்கு அன்று முறியப்போகிறது; அதற்காக அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னவர் என் மாமியார்.

"ஏட்டி, அடுப்படியில எரியுறதும் அதே பெட்டி பல்புதான? அதுவும் ஆயிரத்து இருநூறா? தெரிஞ்சிருந்தா அதுலயே தோசை சுட்டிருப்பேனே. வெறகு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. என் கணவரை அழைத்து, அடுப்படி விளக்கின் வயர்ப் பாதையில் மீட்டரைச் சேர்த்து, பல்பை எரியவிட்டு மின்னோட்டத்தை அளந்தேன். அரை ஆம்பியர்கூட இல்லை. புள்ளி நான்கு இரண்டு. அழுத்தத்தால் பெருக்கினேன்: தொண்ணூற்றிரண்டு வாட். (அச்சடித்தவர் யோக்கியர்.) அழுத்தத்தை அதனால் வகுத்தேன்: தடை ஐந்நூறு ஓமைத் தாண்டியது. அணைத்து, ஆறவிட்டு அளந்தால் பழையபடி நாற்பது.

மெய்சிலிர்த்துவிட்டது. மயிரிழையினும் மெல்லிய ஓர் இழை. குளிர்ந்து கிடக்கையில் வருவதையெல்லாம் உள்ளே விடத் திறந்திருக்கிறது. எரியத் தொடங்கியதும், இமைப்பொழுதுக்குள், பதின்மூன்று மடங்கு தன்னை இறுக்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய அளவை மட்டுமே ஏற்கிறது. விடியல்தோறும் பாசுரம் ஓதியவள் நான். உள்ளம் உருகுவதை எத்தனை முறை பாடியிருப்பேன்! உருகிப்போகாமல் நின்று ஒளி தரும் ஒன்று என் தலைக்கு மேலேயே தொங்கியதை அறியாதிருந்தேன். என்னையறியாமல் பல்பை நோக்கிக் கைகூப்பினேன்.

"அத அப்பொறம் கும்பிடலாம். மொதல்ல நீ போட்ட முடிச்ச அவுக்க வா" என்றார் கணவர்.

முடிச்சு அவிழவில்லை. அதற்குள் பல்லக்கு வந்துவிட்டது.

இருண்ட தெருவில் தீவட்டிகள் மட்டும் அசைந்தன. நாச்சியார் திருமுகம் முழுதாய்த் தெரியவில்லை. மூக்குத்தி ஒரு கணம் மின்னியது, பிறகு மாலையின் ஓர் ஓரம். அத்தனை அருகில், அத்தனை மறைவாக, அதற்குப் பின் ஒருபோதும் நான் சேவித்ததில்லை. எல்லார் கைகளும் குவிந்திருந்தன. என் கைகளில் மீட்டர் இருந்தது.

பல்லக்கு முனை திரும்பியது. சரியாக அப்போதுதான் கணவர் முடிச்சை வெட்டியெறிந்து, இணைப்பைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டார். இருபது விளக்குகளும் பளீரென எரிந்தன. அந்தப் பேரொளியில், வெறிச்சோடிய தெருவின் நடுவே, ஊர்வலத்தின் கடைசி ஆளாக ஒரு பலூன்காரர் திகைத்து நின்றார். மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எனக்கா, மொதலாளி?"

மாமனார் எழுந்து நின்றார்.

"ஆமாய்யா, ஒமக்குத்தான். எம்புட்டுத் தூரம் இருட்டுலயே வந்தீரோ. பாத்து நடந்து போரும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நேர்ச்சை வீணாகல தாயி. இனிமே இவுகளுக்கும் சேத்துத்தான்."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் பல்லக்குப் போனதும் விளக்கை அணைப்பதில்லை. கடைசிப் பலூன்காரர் முனையைத் தாண்டவேண்டும். மாமனார் காலத்துக்குப் பின் என் கணவர் அதைக் காத்துவருகிறார்.

நான் காத்துவருவது கேலியை. அண்மையில், பேத்திக்கு வந்த மாப்பிள்ளையின் புகைப்படத்தைப் பார்த்து, "பையன் கொஞ்சம் மந்தம்போல" என்றேன். வாய் மூடவில்லை, கூடத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"எரியவிட்டுப் பாத்தியளா?"