மாப்பிள்ளை, உங்கள் பெட்டி கத்துகிறது

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் சந்தேகம் வந்துவிட்டதால், அந்த வரியை நீங்களே கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு முடிவு செய்துகொள்ளவும். தங்கள் நலமும் தங்கள் பெற்றோர் நலமும் அறிய ஆவல். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மாமியார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள். அச்சகத்தில் காலமெல்லாம் ஊரார் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவன் நான். வீட்டில் நிலைமை இது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றாள். "என்னம்மா திடீர்னு?" என்றேன். "ஏம்ப்பா, வரக் கூடாதா?" என்றாள். பெண்கள் இப்படித் திருப்பிக் கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்தாள். உள்ளே சேலைக்குப் பதிலாக, பஞ்சுப் பள்ளங்களில் பதித்துவைத்த இயந்திரங்கள். துப்பாக்கி போல ஒன்று, கேமரா போல ஒன்று, காதில் மாட்டுவதோடு ஒன்று. "ஐயோ, அவர் பெட்டிய மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்!" என்று தலையில் கை வைத்தாள். ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பது மாமனாருக்கு அழகல்ல, ஆகையால் கேட்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் கொதிகலனைச் சோதிக்கப் போன இடத்தில், அதிகாரிகள் நாலு பேர் சுற்றி நிற்க, நீங்கள் பெட்டியைத் திறந்து என் மகளின் பூப்போட்ட சேலையை வெளியே எடுத்திருப்பீர்களே என்று நினைத்து அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று மாலை சமையலறையில் அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, நான் தற்செயலாகக் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். "சோர்வா இருக்குன்னு சொன்னேம்மா. அந்தத் துப்பாக்கிய எடுத்து நெத்தியில காட்டி, 'முப்பத்தாறு புள்ளி நாலு, நார்மல்'னு சொல்லிட்டு, ஃபிரிட்ஜ் கதவுல குளிர் கசியுதான்னு பார்க்கப் போயிட்டாரு" என்றாள். பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது சிரிப்பா அழுகையா என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் தனியாக நிற்கிறாள். இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கிறது. மாப்பிள்ளை, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதவும் முக்கியம்தான்.

இதற்கிடையில் பெட்டி கத்த ஆரம்பித்தது. கைக்குள் அடங்கும் மஞ்சள் கருவி ஒன்று, விட்டு விட்டு 'பீப்' என்றது. உங்கள் மாமியார், "என்னங்க, இத இங்கேர்ந்து எடுத்துட்டுப் போங்க, எனக்கு ஏற்கெனவே தலை வெடிக்குது" என்றாள். பின்னால் கிளிப் இருந்தது, சட்டைப் பையில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் ஓரளவு மரியாதையாக இருந்த அது, மாடிப்படியில் கால் வைத்ததும் சிவப்பு விளக்கை அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. சின்னத் திரையில் ஆங்கிலத்தில் சி, ஓ என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். 'கம்பெனி' என்பதன் சுருக்கம் அது, புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பழக்க தோஷம். மேலே ஏறி வந்தால் கொஞ்சம் அடங்குகிறது, கீழே இறங்கினால் கத்துகிறது. நான் வெளியே போவது அதற்குப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று உட்கார்ந்தால் உங்கள் மாமியார் சூட்டை நிறமாகக் காட்டும் அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தாள். பார்த்தவள் அலறினாள். "என்னங்க! உங்க மூக்கு செத்துப்போச்சு!" எட்டிப் பார்த்தேன். திரையில் என் முகம் முழுக்க ஆரஞ்சும் மஞ்சளுமாக எரிகிறது, நடுவில் மூக்கு மட்டும் கருநீலம். உங்களைப் போல் படித்தவர்களுக்கு அது சாதாரணமாக இருக்கலாம், எனக்குக் கை கால் ஓடவில்லை. வெந்நீர்ப் பையை மூக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் வெந்நீர்ப் பையை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லார் மூக்கும் சில்லுன்னுதான் சார் இருக்கும்" என்றார். வந்ததற்குத் தலைவலியையும் சொல்லிவைத்தோம். எங்கள் இருவருக்குமே நாலைந்து நாளாகத் தலை பாரம், மயக்கம், மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. "ஏதாவது கவலை இருக்கா?" என்றார். உங்கள் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உங்கள் பெயர் வந்துவிடும் என்று நான் அவள் காலை மிதித்தேன். மாத்திரை கொடுத்தார்.

அடுத்தது அந்தக் காதில் மாட்டும் கருவி. குழாயில் காற்றுக் கசிந்தால் 'உஸ்' என்று கேட்கும் என்று மகள் சொன்னாள். மாட்டிக்கொண்டு நடந்தேன். கூடத்தில் உஸ், அறையில் உஸ், குளியலறையில் மகா உஸ். சுவருக்குள் குழாய் வெடிக்கப் போகிறது என்று பயந்து, உளியை எடுத்துக் குளியலறைச் சுவரில் நாலு டைல்ஸைப் பெயர்த்தேன். உள்ளே காய்ந்த செங்கல். உங்கள் மாமியார் வந்து பார்த்துவிட்டு, என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். உஸ் நின்றுவிட்டது.

உடைத்த சத்தம் கீழே கேட்டு வீட்டுக்காரர் ஏறி வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும், மாடிப்படி நெடுக 'எச்சில் துப்பாதீர்', 'செருப்பைத் தேய்க்காதீர்' என்று எழுதி ஒட்டுவாரே, நாங்கள் நோட்டீஸ்காரர் என்று சொல்வோமே, அவர்தான். தெருவில் மின்சாரக் கேபிள் எரிந்துபோனதிலிருந்து படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அறையில் ஜெனரேட்டர் போட்டுப் பகலெல்லாம் ஓட்டுகிறார். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததால் அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் சாக்கை அடைத்து வைத்திருந்தார். சுவரைப் பார்த்தவர் கண்ணை மூடித் திறந்தார். "இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணுங்க சார்" என்றார். சமாதானம் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் படியிறங்கினேன். சட்டைப் பையில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. அவர் நின்று திரும்பினார். "என்ன சார் இது? என்னைப் பார்த்தா கத்துது?" "உங்களப் பார்த்து இல்லீங்க, பொதுவாவே கத்தும்." "நான் பேசறத ரெக்கார்ட் பண்றீங்களா? அதையும் நோட்டீஸ்ல எழுதுறேன் பாருங்க!" என்று கோபமாக ஜெனரேட்டர் அறைக்குள் டீசல் ஊற்றப் போய்விட்டார்.

அப்போதுதான் மகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, பாட்டரி தீருதுன்னுல்ல நினைச்சேன், அது எத்தன நாளா இப்படிக் கத்துது?" என்றாள். "நாலைந்து நாளா. கம்பெனிக்குப் புள்ளி வைக்காம விட்டுருக்காங்க பாரு" என்றேன். இறங்கி வந்து திரையைப் பார்த்தவள் முகம் அப்படி மாறி நான் இதற்கு முன் பார்த்ததில்லை. "கம்பெனி இல்லப்பா! கார்பன் மோனாக்சைடு! புகையில இருக்கிற விஷம்! அம்மா, ஜன்னலையெல்லாம் தொறந்துட்டு வெளிய வா!" என்று கத்திக்கொண்டே தெருக் கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். "வீட்டுக்காரர் எங்க?" என்றாள். நான் அறையைக் காட்டினேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் சத்தம் இல்லை. கூப்பிட்டோம். பதில் இல்லை. கதவைத் திறந்தால் வாசற்படியை ஒட்டிக் குப்புறக் கிடக்கிறார். நான் உள்ளே பாய்ந்தேன், மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "உள்ள போனா நீங்களும் விழுந்துடுவீங்க! மூச்ச அடக்கிட்டு வெளிய நின்னே காலப் பிடிங்க!" எதிர்க்கடை வெல்டர் ஓடி வந்து ஒரு காலைப் பிடித்தார், நான் இன்னொரு காலைப் பிடித்தேன். முதலில் செருப்பு மட்டும் கையோடு வந்தது. பிறகு ஆள் வந்தார். தெருவில் கிடத்தினோம். மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள், தீயணைப்புக்குச் செய்தாள், எல்லாரையும் எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னாள். முகமூடி போட்டுக்கொண்டு வந்தவர்கள் ஜெனரேட்டரை நிறுத்தும் வரை யாரையும் உள்ளே விடவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் பிராணவாயு கொடுத்தார்கள். தலைவலிக்குக் காரணம் கவலை இல்லையாம். படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலடியில்தான் உங்கள் மாமியார் தினமும் மத்தியானம் படுப்பாள். அந்தப் படுக்கையை நினைத்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிராணவாயு முகமூடியைக் கழற்றிவிட்டு, "மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரு கதவத் தொறந்து வச்சது?"

நேற்று அவர் மகன் வந்து படிக்கட்டில் புது நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். 'உயிர் காத்த மாடி வீட்டாருக்கு நன்றி. குளியலறைச் சுவரை உடைத்தவர் உடனே சரிசெய்யவும்.' வீட்டைக் காலி செய்யச் சொன்னது இன்னும் இருக்கிறதா இல்லையா என்று அதில் தெளிவாக இல்லை.

மாப்பிள்ளை, அன்று தெருவோரத்தில் உட்கார்ந்து மகள் அந்த மஞ்சள் கருவியை மடியில் வைத்திருந்தாள். "வீட்டுல ஒவ்வொண்ணையும் எனக்குக் காட்டிக் காட்டிச் சொல்லுவாருப்பா. நான் பாதி கேட்க மாட்டேன்" என்றாள். பாதி கேட்டதற்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஆகையால் உங்களுக்குள் எது நடந்திருந்தாலும், நீங்கள் உடனே வந்து பெட்டியையும் மகளையும் அழைத்துப் போக வேண்டும். வரும்போது கையில் எந்தக் கருவியும் இல்லாமல் வரவும். அவள் எதிரில் உட்கார்ந்து, சோர்வு என்று சொன்னால் ஏன் என்று கேட்கவும். பெரியவன் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். எல்லா நலமும் பெற்று, நல்ல காற்றோட்டத்தோடு நீடூழி வாழ்க என்று ஆசி கூறும்,

மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "சண்டையா? யாருப்பா சொன்னது? லீவு கிடைச்சது, வந்தேன்!" என்று சிரிக்கிறாள். மாடியில்தான் சிக்னல் கிடைக்கிறதாம், தினமும் உங்களோடுதான் பேசுகிறாளாம். கண் சிவந்தது புகையாலாம். ஆபீஸில் இன்னொரு செட் இருக்கிறது, பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று நீங்களே சொன்னீர்களாம். இதெல்லாம் உங்கள் மாமியாருக்கு முதல் நாளே தெரியுமாம். ஆகையால் மேலே எழுதியதில் ஜெனரேட்டர் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும் என்று எழுதப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதையும் அடிக்காதீங்கப்பா. அப்படியே அனுப்புங்க. அவரு படிக்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பியிருக்கிறேன்.