நோட்டுக்கு என்ன, சார்?

"என்ன வெர்ஷன் ஓடுதுங்க, மேடம்?" என்று போனில் கேட்டான் தனபால்.

"பழசுதான், சார்."

மேடம் அவன் மனைவி ஜீவிதா. கோபித்துக்கொண்டு தேவிகுளத்துக்கு அம்மா வீடு போனவள், அங்கேயே தேயிலை ஆபீசில் சேர்ந்துவிட்டாள். தேயிலை மூட்டைகளின் போக்குவரத்தைப் பல ஊர்க் கணினிகள் சேர்ந்து பதிந்துவைக்கும் பிளாக்செயினில் அவள் கணினியும் ஒரு நோடு. எலப்புள்ளியில் இருந்தபடி எல்லா நோடுகளையும் கவனிப்பது தனபாலின் வேலை.

எந்த நோட்டில் மென்பொருளின் எந்த வெர்ஷன் என்பது ஒரு கட்டளை வரி தட்டினால் அவன் திரையிலேயே வந்துவிடும். ஆனால் அந்த வரிக்குக் குரல் கிடையாது.

"இந்த வாரத்துக்குள்ள புதுசு போடலீன்னா தேவிகுளத்தைத் தூக்கிரு" என்றிருந்தார் மேனேஜர். நோடு போனால், போன் செய்யக் காரணமும் போய்விடும்.

அவள் பக்கம் மழைச் சத்தம் கேட்டது.

"ஊட்டுக்கு..." என்று, வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினான்.

"நோட்டுக்கு என்ன, சார்?"

தைரியம் போய்விட்டது. "நோட்டுக்கு... ஒருக்கா ரீஸ்டார்ட் குடுங்க."

கொடுத்தாள். நோடு நின்றே போனது.

மறுநாள் எப்படியோ ஓடவைத்தார்கள். வெர்ஷன் அதே பழசு. இந்த முறை பேசிவிடுவது என்று தனபால் கண்ணை மூடிக்கொண்டான்.

"பழசையெல்லாம் அழிச்சுப் போடலாமுங்க."

விசைகள் தட்டும் ஓசை கேட்டது.

"அழிச்சாச்சு, சார்."

"எதையுங்க?"

"சேத்து வச்ச பதிவு மொத்தத்தையும்."

இனி மற்ற ஊர்களிலிருந்து முதலிலிருந்து வாங்கி நிரப்ப வேண்டும். தனபால் பஸ் ஏறினான்.

தேவிகுளம் ஆபீசில் ஜீவிதா திரையைவிட்டுத் தலை நிமிரவில்லை. இளைத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தட்டினான்.

பழைய வெர்ஷன்.

"ஏனுங்க இது மாறவே மாட்டேங்குது?" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

ஜீவிதா திரையையே பார்த்தாள். அவனும் திரையையே பார்த்தான். பதிவுகள் மட்டும் மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தன.

பக்கத்து மேசை ராமலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு மாசமா சாயங்காலம் நான் புதுசைப் போட்டுட்டுத்தான் போறேண்ணே! அது சரியாயிருந்தா நீங்க போன் பண்ண மாட்டீகன்னு, அக்காதான் தெனமும் காலைல வந்து பழசை ஏத்தி வைக்கிறாக."