வெள்ளிக்கிழமை டிரம் ஓடாது

ஆம்பூரில் பூமி அசைய வேண்டுமென்றால் முதலில் டம்ளர் மிஸ்ஸிடம் பர்மிஷன் வாங்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் அசைந்து மாட்டிக்கொண்டால், பூமியையே பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்துவிடுவார்.

எங்கள் மாடியில் குடியிருந்த பிசிக்ஸ் டீச்சர் அவர். நிஜப் பேர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அதில் வட்டம் எழும்புகிறதா என்று பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து, "யாரும் பயப்படாதீங்க, இது மேளம்தான்!" என்று மண்டபத்துக்கே அறிவித்தவர். அதுவரை யாரும் பயப்படவில்லை. இப்போது அரக்கோணத்தில், ரயில் பாதையை ஒட்டி வீடாம். டம்ளருக்கு ஓய்வே இருக்காது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் பதனிடுகிற டேனரி. தோலைப் போட்டுச் சுற்றுகிற மரப் பீப்பாய் ஒன்று அங்கே உண்டு. ஒரு ரூம் சைஸ் இருக்கும். 'டிரம்' என்போம். அது ஓட ஆரம்பித்தால் தெருவே பல்லைக் கடிக்கும், அலமாரித் தட்டெல்லாம் கிணுகிணுக்கும். எப்போதாவது நிஜமாகவே நிலமும் லேசாக அதிர்வதுண்டு. எது டிரம், எது பூமி என்று பிரித்துச் சொல்ல ஊரிலேயே ஒரே ஆள் மிஸ்தான்.

எனக்கோ பயப்படுவதுதான் முழுநேர வேலை. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவதெல்லாம் பார்ட் டைம். எட்டாவதோடு நின்றவன், பூகம்பம் எப்படி வருமென்று தெரியாது, வருமென்று மட்டும் தெரியும். மகள் பிறந்து, சீலிங் கொக்கியில் தூளி கட்டிய நாளோடு தூக்கம் போனது. மிஸ்ஸைக் கூட்டிவந்து காட்டினேன்.

"பூகம்பம் வந்தா வீட்ட யாரு மிஸ் தள்றது?"

"கம்பெனி வேன் பிரேக் போட்டா முன் சீட்டுல போய் முட்டிக்கிறியே, உன்ன யாருப்பா தள்ளனது?"

"டிரைவர்தான் மிஸ். அவனுக்கு என்னக் கண்டா ஆவாது."

"அவன் உன்னத் தொடவேல்ல. வேன் நின்னுச்சி, நீ நிக்கல. இதுவும் அதான். தரை நகரும், வீடு வரமாட்டேன்னு அடம் பிடிக்கும். கனம் ஜாஸ்தின்னா அடமும் ஜாஸ்தி. அந்த இழுபறியிலதான் செவுரு வுட்டுப் போவுது."

சொல்லிக்கொண்டே அண்ணாந்தார். தூளியை ஒட்டின பரண் மேல் என் மனைவி சுமதியின் பித்தளை அண்டா.

"அது இன்னாது?"

"எங்கம்மா வூட்டு சீரு மிஸ்," என்றாள் சுமதி, பெருமையாக.

"கொழந்த தலைக்கு நேராவா சீரு? எறக்கு!"

அண்டா இறங்கியது. சுமதியின் முகமும் இறங்கியது.

"அப்போ தூளி, மிஸ்?" என்றேன்.

மிஸ் ஒரு பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூல் பிடித்த கையை வெடுக்வெடுக்கென்று ஆட்டினார். கை பறந்தது, பூட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"தொங்கறது சோம்பேறி. மெதுவா ஆட்னா கூடவே வரும், வேகமா ஆட்னா கண்டுக்காது. நம்ம ஊரு அதிர்வு வெடுக்குனு வந்து போறது. கொக்கி மட்டும் கெட்டியா இருக்கணும்."

கெட்டியா என்று எப்படித் தெரியும்? குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, மிஸ்ஸே தூளிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சுமதிக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "தாலாட்டு பாடட்டுமா மிஸ்?"

"பாடு. ஆட்டாத. டெஸ்ட் நடக்குது."

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தட்டெல்லாம் கிணுகிணுத்தது. டிரம் ஓட ஆரம்பித்துவிட்டது போல என்று புரண்டு படுத்தேன். வாழ்க்கையிலேயே நான் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

மாடியிலிருந்து அலறல்: "தம்பீ! இன்னிக்கி வெள்ளிக்கெழம! டேனரி லீவு! டிரம் ஓடாது!"

எழுந்து பார்த்தால் சுவர் காலண்டர் படபடக்கிறது. தட்டுகள் ஒவ்வொன்றாகக் குதிக்கின்றன. தரையில் அண்டா தானாகத் தாளம் போடுகிறது. நடுவில் தூளி மட்டும், இந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல, அப்படியே. உள்ளே மகள் தூங்குகிறாள். அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் சுமதி. அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அண்டா மட்டும் பரணிலேயே இருந்திருந்தால்? அதை நினைக்கவே கூடாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மிஸ் மாடிப்படியில் இறங்கி வந்தார். கையில் டம்ளர் இருந்தது, தண்ணீர் இல்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை. டம்ளரைத் தெருவிலேயே போட்டுவிட்டு, குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் சாய்த்து, முதுகை நீவினார்.

"மிஸ், கை இன்னா இப்பிடி ஆடுது?"

"டிரம் ஓடுதுப்பா," என்றார்.

நானும் "ஆமா மிஸ்" என்றேன்.