மாவுக்குப் போட்ட ஹீட்டர்

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வண்டி ஹீட்டரில் சூடு போதவில்லை என்பவனை ஊரே சந்தேகமாகப் பார்க்கும். நான் பதிலுக்கு ஊரையே சந்தேகப்பட்டேன்.

கரமனையில் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் என் சித்தப்பாவுக்கு மூணாறிலிருந்து முதல் ஆர்டர். கிரகப்பிரவேசம், காலை டிபன் இட்லி. அந்தக் குளிரில் மாவு பொங்காது. ஆகவே மாவு அண்டாவைப் பழைய பிக்கப்பின் முன்சீட்டில் ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, வழியிலேயே பொங்க வைத்துவிடுவது என்பது என் திட்டம். (இன்ஜினியரிங் படித்த திமிர்.) ஹீட்டரோ, தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஊதியது.

"இட்லி கல்லாப் போச்சுன்னா அந்தப் பக்கம் இனி ஒரு ஆர்டர் கிடைக்காதுடா, சந்துரு" என்றார் சித்தப்பா.

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தேன். பிறகு ரேடியேட்டர் தண்ணீரை. பிறகு மெக்கானிக் சஜியை; ஹீட்டர் பைப்பை நைசாக அடைத்திருப்பான். போனில் விசாரித்தேன்.

"ஹீட்டரோ? இவிடெயோ?" என்று, இந்த ஊரில் எதற்கு என்பதுபோல் மலையாளத்தில் சிரித்தான். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

ஆனால் பைப் இரண்டும் தொட்டால் சுட்டன. அப்படியென்றால் சூடு இருக்கிறது, காற்றுதான் வரவில்லை. காற்றை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

புறப்பட்ட அன்று வழக்கம்போலப் பழவங்காடியில் நிறுத்தி, சித்தப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அருகம்புல் மாலையை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே சாத்தினார். ஒவ்வொரு சவாரிக்கும் சாத்துவார். அங்கேதான் வெளிக்காற்று உள்ளே போகும் சல்லடை. இத்தனை காலமும் அந்த மாலையெல்லாம் காய்ந்து எங்கே போயிற்று?

ஆள் அகப்பட்டாயிற்று. பக்கத்து டயர் கடையில் காற்றுக் குழாயை வாங்கிச் சல்லடையில் செருகினேன். வண்டிக்குள் சித்தப்பா; பக்கத்தில் அண்டா திறந்திருந்தது. (மாவில் தெர்மாமீட்டர். அதுவும் என் யோசனை.)

"காத்து வரதா, சித்தப்பா?"

"வரலையே."

"மூஞ்சிய ஹீட்டர் கிட்டக்க வச்சுப் பாருங்கோ."

"வச்சாச்சு. ஒண்ணும்..."

வந்தது. காய்ந்த அருகம்புல், விபூதி, செத்த கரப்பான் ஒன்று. பாதி சித்தப்பா முகத்தில், மீதி மாவில்.

மீசையில் புல்லோடு அவர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "பிரசாதம்னு சொல்லிடலாமா?"

"கரப்பானை என்னன்னு சொல்லறது?"

மூணாறு வரைக்கும் ஹீட்டர் பிரமாதமாக வேலை செய்தது. பொங்கியது சித்தப்பா மட்டும்தான். கிரகப்பிரவேசத்துக்கு ரவா உப்புமா. அந்தப் பக்கத்திலிருந்து இன்றுவரை அடுத்த ஆர்டர் இல்லை.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது பாத்திரத்து மூடியில் கை வைத்தால் போதும், சித்தப்பா குரல் கொடுப்பார்:

"சந்துரு எங்கே நிக்கறான்னு பாத்துட்டுத் திறங்கோ."