நடு ஸ்டேஷனுக்கு வராத மூன்று காரணங்கள்

என் ஆயுளில் ஒரே ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதியிருக்கிறேன். அதுவும் இடக்கையால். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதாம்.

பெட்டிஷன், ரயில் சார் மீது. எண்பதுகளில் ஆவடிப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு நான் வாத்தியார், 'ஆ' பிரிவுக்கு அவர். எதைப் படித்தாலும் ரயில் பாதையாக வரையாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கோடு போட்டுத்தான் படிப்பார். பாடத்தின் முக்கியக் கருத்து நடு ஸ்டேஷன். மற்றதெல்லாம் அங்கே வந்து சேரும் கிளைப் பாதைகள். "எந்த லைன் எங்க வந்து சேருதுன்னு பாருங்கடா, பாடம் தானா புரியும்!" என்பார். என் வகுப்பு நெட்டுருப் போட்டுக் கொட்டாவி விடும். அவர் வகுப்பு கூவும்.

பெட்டிஷன் கிடைத்த மறுநாளே தலைமையாசிரியர், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு 'ஆ' பிரிவுக்குள் நுழைந்தார்.

"பசங்க இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணைக் கேட்டு அர்த்தம் சொல்லணும். சொல்லலைன்னா இந்தப் படம் போடுற வேலைக்கு இன்னையோட முழுக்கு. உங்களுக்கு மெமோ."

ரயில் சார் பதறவில்லை. "கையில என்ன சார் காகிதம்? அதையே படிங்களேன்."

அது என் பெட்டிஷன். எனக்கு வேட்டி நழுவுவது போலிருந்தது. நான் பேன்ட் போட்டிருந்தேன்.

தலைமையாசிரியர் படிக்கப் படிக்க, முன்பெஞ்சு கற்பகம் கரும்பலகையில் வரைந்தாள். நடு ஸ்டேஷன்: ரயில் சாருக்குப் பாடம் நடத்தத் தெரியாது. கிளைகள் மூன்று: வகுப்பில் ஓயாத சிரிப்பு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக இங்கேயே பார்க்கிறார்கள், பெற்றோர் இவருக்கு மட்டும் வணக்கம் வைக்கிறார்கள்.

சாக்பீஸ் நின்றது.

"சார், மூணு லைனும் நடு ஸ்டேஷனுக்கே வர்ல சார். வேற எங்கியோ போய்க்கினு கீது."

"எங்கம்மா போகுது?" என்றார் தலைமையாசிரியர்.

ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, 'வயிற்றெரிச்சல்' என்று எழுதினாள்.

தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே என் வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தை நாலாகக் கிழித்தார். "நீங்க நடத்துங்க சார்."

சாயங்காலம் ஆவடி பிளாட்பாரத்தில், நெமிலிச்சேரி வண்டிக்குக் காத்திருந்த ரயில் சார் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். என் உள்ளங்கை நிறையக் கடலையைக் கொட்டினார்.

"அடுத்தவாட்டி எழுதினா, அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க சார். மூணு லைனையும் நடுவுக்கு இழுத்துத் தர்றேன்."